சத்தப் பை

சத்தம் கேட்டபோது காலை பதினொன்றரை இருக்கும். நான் வாசலில் குந்தி, பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் அது காதுக்கு வரவில்லை. காலுக்குத்தான் வந்தது. பிறகு அடுப்படி அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அதன் பின்னால் சத்தம். அது அடங்குவதற்குள் இன்னொன்று.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டாசுக் கம்பெனிகளில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். அதற்கு ட்ரயல் என்று பேர். ட்ரயல் சத்தம் ஒற்றையாக வரும், ஒற்றையாகப் போகும், புகையும் இருக்காது. பெரிய சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவதும் வந்தால், ஓர் அறையில் பிடித்த தீ பக்கத்து அறைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். உடனே தெருவே மொட்டை மாடிக்கு ஏறும். புகை எந்தப் பக்கம் என்று பார்க்கும். அந்தப் பக்கம் வேலைக்குப் போன சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போடும்.

நான் செய்தது வேறு. பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, மேசையில் இருந்த ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டினேன். கொரோனா வந்த நாளிலிருந்து, பயம் வந்தால் கை தானாக அதைத்தான் தேடும். வெடிச் சத்தத்துக்கும் என் ஆக்சிஜனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தொண்ணூற்றெட்டு காட்டியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் பின்வாசலைப் பார்த்தேன்.

என் மனைவி செல்வி துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து குளித்த ஈரம் தலையில் அப்படியே இருந்தது. கையில் காப்பித் தம்ளர். காப்பியின் மேல் வளையம் வளையமாக அலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்த அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“சத்தம்” என்றேன்.

“எனக்குக் கேக்கலைங்க” என்றாள்.

ஆணியில் தொங்கியது

போன வாரம் இந்தப் பகுதியில், நான் எண்ணெய் பரோட்டா தின்றுவிட்டு மைத்துனன் கல்யாணத்தில் மேடைக்கும் கழிப்பறைக்கும் ஓடிய கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். நன்றி. இந்த வாரமும் நான் பயந்த கதைதான். ஆனால் இதை நான் பிரஸ்ஸில் யாரிடமும் சொன்னதில்லை.

பிரஸ் என்றது நான் வேலை பார்க்கும் இடத்தை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம். அங்கே கட்டிங் மிஷின் என் பொறுப்பு. வாய் மட்டும் பொதுச் சொத்து. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு பொய்யாவது சொல்லாவிட்டால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது.

செல்வி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தீக்காய வார்டில் மட்டும் பதினாறு வருஷம். சத்தம் கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்வரை அவள் காத்திருந்ததில்லை. அவள் மட்டுமில்லை, அந்த வார்டில் வேலை பார்க்கிற யாரும் காத்திருக்க மாட்டார்கள். லீவில் இருந்தாலும், கோயிலில் வரிசையில் நின்றாலும், சத்தம் வந்த நிமிஷம் கால் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை.

அதற்கென்று வாசல் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே மாற்று யூனிபார்ம், தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட், முனை மழுங்கிய கத்தரிக்கோல். உடம்போடு ஒட்டிக்கொண்ட துணியை வெட்டி எடுக்க அந்தக் கத்தரிக்கோல். அதற்குச் சத்தப் பை என்று பேர் வைத்தவன் நான்தான். “நம்ம வீட்டுல சீர்வரிசையா வந்தது இந்தச் சத்தப் பை ஒண்ணுதான்” என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவேன். செல்வியும் சிரிப்பாள்.

ஒருமுறை பண்டிகைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள், அந்தத் தலையோடே போய்விட்டாள். சாயங்காலம் வந்தபோது தலையெல்லாம் கரி ஒட்டியிருந்தது. “எந்தப் பக்கம்?” என்று ஒரு கேள்விதான் கேட்பாள், செருப்பை மாட்டிக்கொண்டே. நான் மாடியிலிருந்து மேற்கு, கிழக்கு என்று கத்துவேன். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எந்த வேலை என்று தெரியும், எந்த வேலை என்று தெரிந்தால் காயம் எப்படி இருக்கும் என்று தெரியும் என்பாள்.

அவளிடம் ஒரு கைவாகு இருந்தது. தீயில் வெந்த கையில் ஊசி போட நரம்பு கிடைக்காது. டாக்டர்களே குத்திக் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள். செல்வி கண்ணை மூடிக்கொண்டு கணுக்காலின் உள்பக்கம் ஒற்றை விரலை வைத்துத் தடவுவாள். கிடைத்துவிடும். குளுக்கோஸ் இறங்க ஆரம்பித்தால்தான் மற்ற வைத்தியமெல்லாம். அதனால் சத்தம் கேட்ட நாளில் அங்கே எல்லோரும் வாசலைப் பார்த்துக் கேட்பது, செல்வி வந்தாச்சா என்பதுதான்.

மை வாசனை

இனி என் வீரத்தைச் சொல்கிறேன்.

கொரோனா வந்த முதல் வாரத்திலேயே நான் நான்கு தடவை மூக்கில் குச்சி விட்டுக்கொண்டேன். நான்கு தடவையும் இல்லை என்று வந்தது. கடைசித் தடவை எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. கபசுரக் குடிநீரைக் காப்பிபோலக் குடித்து நாக்கில் ருசி போய், அதற்காக ஒருநாள் அழுதேன். பேப்பர்காரர் போடுகிற பேப்பரை இஸ்திரி போட்டுத்தான் படிப்பேன்.

ஒருநாள் பிரஸ்ஸில் மை டப்பாவைத் திறந்தேன். வாசனையே இல்லை. டப்பாவுக்குள் மூக்கை விட்டேன். இல்லை. டப்பாவைக்கூட மூடவில்லை. செல்வியின் வார்டு டாக்டருக்கே போன் போட்டுவிட்டேன். அருள் என்று பேர், தருமபுரிப் பக்கம், முப்பது வயதுகூட இருக்காது. பொறுமையாகக் கேட்டார். எத்தனை வருஷமாக அந்த மையில் வேலை பார்க்கிறீர்கள் என்றார். இருபத்தேழு என்றேன். கடைசியாக அந்த வாசனை எப்போது தெரிந்தது என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால்.

“அண்ணாச்சி, உங்க மூக்கு ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சு. போய்ச் சாப்பிடுங்க” என்றார்.

அந்த மனிதர் அந்த நிமிஷம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு செல்வி சொன்னாள். மடியில் இட்லிப் பொட்டலம் பிரித்தபடி இருந்ததாம். என்னிடம் பேசி முடித்து, போனைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாராம். நர்ஸ்கள் அவரை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கினார்களாம். நான் பிரஸ்ஸில் இதையும் நகைச்சுவையாகத்தான் சொன்னேன்.

மூன்றடி

தீக்காய வார்டைக் கொரோனா வார்டாக மாற்றிவிட்டார்கள். தீக்காயக்காரர்களுக்கு வராந்தாவில் நாலு கட்டில். செல்விக்கு இரண்டு பக்கமும் டியூட்டி.

நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். அவள் முன்வாசல் வழியாக வரக்கூடாது. பின்வாசலில் குளிக்க வேண்டும். பின்னறையில் படுக்க வேண்டும். சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நான் மூன்றடி பின்னால் போன பிறகுதான் அவள் எடுக்க வேண்டும். “மகாராணிக்குப் போசனம்” என்று குனிந்து கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து போவேன். முதல் வாரம் சிரித்தாள். இரண்டாவது வாரம், “கீழ விழுந்துறாதீக” என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தெருவும் என் கட்சிதான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் செல்வியைக் கேட்காமல் மாத்திரை கொடுக்காத எதிர்வீட்டம்மா, அவள் வருகிற நேரம் ஜன்னலைச் சாத்தினார். ஒருநாள் ஜன்னலுக்குள்ளிருந்தே, “செல்வி, நீ அந்தச் சந்து வழியாப் போயிறேன்மா, பிள்ளைக வெளயாடுதுக” என்றார். செல்வி அன்றிலிருந்து சந்து வழியாகவே வந்தாள்.

முன்பெல்லாம் வார்டில் நடந்ததை வந்து சொல்வாள். யார் பிழைத்தார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள், யார் திரும்ப வந்து பலாப்பழம் கொடுத்தார்கள் என்று. அந்த மாதங்களில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, அப்படியே கட்டிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டில் ஒரு புண். கையுறைக்குள் ஊறிய விரல்கள், தண்ணீரில் கிடந்த பாதாம்பருப்புபோல வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவள் போன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். அதனால் சத்தத்தை அணைத்து வைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் என் போனில்தான் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒருநாள் அவளாகப் பேசினாள். ஸ்டூலில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“பொழைக்க வைக்க முடியலைங்கிறதுகூட இருக்கட்டுங்க. மூஞ்சியைக் காட்ட முடியலை. தீக்காயக்காரங்ககிட்ட நான் செல்விம்மா, இங்கதான் இருக்கேன்னு சொல்லுவேன். எம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருப்பாக. இப்ப அவுக கடைசியாப் பாக்குறது ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியை. அதுக்குப் பின்னாடி யாருன்னே தெரியாமப் போறாக.”

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். ஏதாவது தமாஷாகச் சொல்லலாமா என்று யோசித்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. நல்லவேளையாக எதுவும் அகப்படவில்லை.

கிளம்பிட்டாங்களா?

பின்வாசலில் செல்வி, கையில் காப்பி. விரலில் ஆக்சிமீட்டரோடு நான். மாடிகளில் தெரு ஜனம் மேற்கே கை காட்டிக் கத்துகிறது.

என் போன் அடித்தது. அருள் டாக்டர்.

“அண்ணாச்சி, அக்கா கிளம்பிட்டாங்களா?”

வருவார்களா என்று அவர் கேட்கவில்லை. கிளம்பாமல் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தம்ளரைப் பார்த்தாள்.

“கிளம்பிட்டா” என்றேன்.

எப்படி அந்தச் சொல் வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவள் பேரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால், என் பெண்டாட்டி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்னொரு ஆளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்க்குப் பழகிய வாய், பொய்யை எடுத்துப் போட்டுவிட்டது.

“அப்பச் சரி. ஷிப்ட் முடிஞ்சு போன மத்தவங்களையும் கூப்பிடலாமான்னு பார்த்தேன். அக்கா வந்தாப் போதும்” என்று வைத்துவிட்டார்.

செல்விக்குக் கேட்டிருந்தது. தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து பின்னறைக்குப் போய், புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். “வண்டியை எடுங்க” என்றாள். பையை நான்தான் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வழியெல்லாம் பின்சீட்டின் கடைசி ஓரத்தில், என்மேல் படாமல் உட்கார்ந்து வந்தாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன. ஒன்றின் கதவு திறந்தே கிடந்தது. தார் ரோட்டில் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் மாஸ்க் இல்லை. நான் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அவள் இறங்கக் காத்திருந்தேன்.

அவள் இறங்கவில்லை. என் தோளில் கையை வைத்தாள்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என்மேல் பட்ட கை. அந்த நொடியில் எனக்கு வந்த முதல் எண்ணத்தை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதுகிறேன். இந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாளா என்றுதான் நினைத்தேன்.

“கால் வரமாட்டேங்குதுங்க” என்றாள். பிறகு, “வீட்டுக்குப் போங்க” என்றாள்.

கேட்டிலிருந்து வராந்தாவுக்கு இருபது எட்டு இருக்கும். இருபது எட்டு நடந்துபோய், அவளால் வர முடியவில்லை, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளே கொரோனா இருந்தது. போன் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்தால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். வண்டியைத் திருப்பினேன்.

கேட்டுக்கு வெளியே

ஒரு வாரம் கழித்து அருள் டாக்டர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, வேண்டாம், வார்டிலிருந்து வருகிறேன் என்று தெருவிலேயே நின்றுகொண்டார். செல்வி உள்பக்கம் நின்றாள். நடுவில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான்.

சண்டை போட வந்தவர் இல்லை. எப்படி இருக்கீங்க அக்கா என்று கேட்கத்தான் வந்தார். அவர் முகம் பாதியாகியிருந்தது. தானாகவே பேச ஆரம்பித்தார். அன்றைக்கு மூன்று பேர் வந்தார்களாம். அதில் ஒரு பெண்ணுக்கு இரண்டு கையும் தோள்வரை வெந்துவிட்டதாம். அக்கா வந்துகொண்டிருக்கிறார்கள் என்று இருபது நிமிஷம்போல வாசலையே பார்த்தாராம். அதற்குப் பிறகு அவரே கணுக்காலில் தேடினாராம். மூன்றாவது தடவை கிடைத்ததாம்.

“உங்களைக் காணோம்னதும் வழியில ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்க்கா. கையுறையைக் கழட்டிப் போன் போட நேரமில்லை, வார்டு பாயை ரோட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன்.”

நான் கேட்டின் துருவைச் சுரண்டினேன். செல்வி என்னைப் பார்க்கவில்லை.

“வண்டி நின்னுபோச்சு டாக்டர்” என்றாள்.

அவர் தலையாட்டினார்.

“அந்தப் பொம்பளை?” என்று கேட்டாள்.

“ரெண்டு நாள் இருந்தாங்க.”

“மொதல்லயே ஊசி போட்டிருந்தா?”

அவர், “இருந்திருக்க மாட்டாங்கக்கா. அவ்வளவு காயம்” என்றார். பிறகு, “தெரியலை” என்றார். அதற்கும் பிறகு, யாரும் கேட்காமலே, “எல்லாம் முடிஞ்சு அன்னைக்கு நான் படியில உக்காந்தேன். எந்திரிக்க முடியலை. கீழ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, எனக்குக் கேக்குது. கேக்காத மாதிரி உக்காந்திருந்தேன்” என்றார்.

செல்வி கேட்டைத் திறந்தாள். என் சட்டம், அவர் சட்டம் எதையும் பார்க்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். தோசை ஊற்றிக் கொடுத்தாள். ஆறு தோசை சாப்பிட்டார். அந்த நேரம் முழுக்க நான் கேட்டருகிலேயே நின்றேன். அன்றைக்கு நான் தள்ளி நின்றது கொரோனாவுக்குப் பயந்து இல்லை.

ட்ரயல்

செல்வி மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பைக்குள் இருந்ததையெல்லாம் ஒருநாள் எடுத்துவிட்டு, அதைத் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்தாள். ஆணியைப் பிடுங்கவில்லை. அருள் டாக்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்தான். பொங்கலுக்கு ஒரு செய்தி அனுப்புவார், அவ்வளவுதான்.

இப்போதும் சத்தம் வராமல் இல்லை. சத்தம் வந்தால் செல்வி மிக்ஸியைப் போடுவாள், இல்லாவிட்டால் குழாயைத் திறந்துவிடுவாள். நான் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ட்ரயல்தான்” என்று சொல்வேன். புகை தெரிந்தாலும் அதையேதான் சொல்வேன். அவள் “ம்” என்பாள். நான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்ளர்கள் கிணுகிணுத்தன. ஒன்று. உடனே இன்னொன்று. மாடிக்குப் போனேன். மேற்கே இரண்டு இடத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. இறங்கிவந்தேன்.

“ட்ரயல்தான்.”

அவள் மிக்ஸியைப் போடவில்லை. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“எந்தப் பக்கம்?”

நாலைந்து வருஷமாக என் காதில் விழாத கேள்வி. வாய் வரை வந்த பொய்யை விழுங்கினேன்.

“மேக்க” என்றேன். “ரெண்டு எடத்துல.”

அவள் கீரைத் தண்டை ஒடித்தாள்.

“அங்க இப்ப இருக்கிறதெல்லாம் புதுப் பிள்ளைக. நரம்பு கெடைக்கலைன்னா கைலயே குத்திக்கிட்டு நிக்காம கணுக்கால்ல பாக்கச் சொல்லுங்க.”

நான் வாசலுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். இளம் குரல். பின்னால் சக்கரம் உருளுகிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம்.

“செல்வி சிஸ்டர் வீட்டுக்காரர் பேசுறேன்” என்றேன்.

“எந்தச் செல்வி சிஸ்டர்?”

“முன்னால தீக்காய வார்டுல இருந்தவ.” அதற்குமேல் நான் யோசித்துப் பேசவில்லை. “அவ கிளம்பலைம்மா. அவளால வர முடியாது. வேற ஆளைக் கூப்பிட்டுக்கோங்க.”

அந்தப் பெண், “நாங்க யாரையும் எதிர்பாக்கலையே சார்” என்றார். போன் துண்டித்தது.

உள்ளே வந்தேன். செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லிட்டீகளா?”

“சொல்லிட்டேன்.”

“கணுக்கால்னு சொன்னீகளா?”

நான் முழித்தேன். அதைச் சொல்லவே இல்லை.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “குடுங்க” என்று போனை வாங்கி, அதே எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. நின்றது. மறுபடியும் அழுத்தினாள்.

“எடுக்க மாட்டாக” என்றாள். “இந்நேரம் அங்க யாருக்கும் கை ஒழியாது.”

ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.